நான்காவது வரியை எடுத்துவிடுங்கள்: மிச்சிகன் ஏடிவி பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமைப்பாளர் அண்ணன்கள் மூவருக்கும், கணக்கு பார்க்கும் அக்காவுக்கும்,

போன வெள்ளிக்கிழமை ராத்திரி நம் வாட்ஸாப் குழுவில் ஆகஸ்ட் பயணத்துக்கான அறிவிப்பு வந்தது. மூன்று நாள், 31 பேர், 20 ஏடிவி, அதாவது காட்டிலும் மணலிலும் ஓட்டுகிற திறந்த நான்கு சக்கர வண்டி. முதல் நாள் செயின்ட் ஹெலன் காடு, மறுநாள் டிரம்மண்ட் தீவு, கடைசி நாள் சில்வர் லேக் மணற்குன்று. முதல் மூன்று வரி இவ்வளவுதான். நான்காவது வரி இது: "10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வண்டி. வண்டிகள் பெரியவர்கள் பெயரில் எடுக்கப்படும். சேஃப்டி டிரெய்னிங் கிளாஸ் இந்த வருஷம் இல்லை, நேரம் போதாது."

அன்றைக்கே குழுவில் கேட்டேன். ஓர் அண்ணன் கட்டைவிரல் படம் போட்டார். இன்னோர் அண்ணன் "பாத்துக்கலாம் தம்பி, டென்ஷன் ஆகாதே" என்றார். அப்புறம் யாரோ பிரியாணி ஆர்டரைப் பற்றிக் கேட்க, பேச்சு அங்கே போய்விட்டது. பிரியாணிக்கு மட்டும் நாற்பத்தெட்டுச் செய்தி. எண்ணிப் பார்த்தேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரைக் கொடுத்துவிட்டு மற்றதை உங்களை நம்பி விட்டிருக்கும் பெற்றோர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

நான் ஏடிவியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. என் கராஜில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி ஒன்று நிற்கிறது. பனிக்காலத்தில் அதன் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பவன் நான். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 4,000 மைல் தூரத்துக்கு இந்த மாதிரி வண்டிகளுக்கென்று பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். வடக்கே ஹோட்டனிலிருந்து மாஸ் சிட்டிப் பக்கம் போகும் பில் நிக்கல்ஸ் டிரெயிலில் ஓர் அக்டோபரில் போனேன். செம்புச் சுரங்கங்கள் ஓடிய காலத்து ரயில்பாதை அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், தடம் மட்டும் இருக்கிறது. ஃபயர்ஸ்டீல் ஆற்றின் மேலே இருக்கும் உயரமான பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால், மேப்பிள் மரங்களின் உச்சி நம் காலுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்கும். பதினான்கு வருஷமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன். எனக்குப் பிடித்த பத்து நிமிஷம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பிள்ளைகளும் அதைப் பார்க்கட்டும். எந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்பதுதான் பேச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன் செயின்ட் ஹெலனில் நடந்ததை "சின்ன அடி" என்று குழுவில் இன்னும் சொல்கிறார்கள். அடிபட்டவன் என் மகன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது, 36 கிலோ. அன்று நடந்ததை நான் முழுசாக யாருக்கும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

கடையில் பெரியவர்கள் பெயரில் ஏழு வண்டி எடுத்தோம். எது நடந்தாலும் கடை பொறுப்பில்லை என்று வெய்வராக நீட்டிய நான்கு பக்கத் தாளில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டோம். 16 வயதுக்குக் கீழே யாராவது ஓட்டப்போகிறார்களா என்று கவுன்டரில் இருந்தவர் கேட்டார். இல்லை என்றோம். நானும்தான் சொன்னேன். ஒரு மைல் போய், கடை கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தி ஆள் மாறினோம். என் மனைவிக்கு எடுத்த வண்டியில் மகன் ஏறினான். அவள் என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். அது ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி. ஆளை ஏற்றாதே, 16 வயதுக்குக் கீழ் ஓட்டாதே என்று மட்கார்டிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் மனைவியின் முழங்கால் அந்த ஸ்டிக்கர் மேலேதான் இருந்தது.

அந்தப் பக்கத்துப் பாதை ஜாக் பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மணல் தடம். வண்டி ஓடி ஓடி மணல் அலை அலையாக மேடும் பள்ளமுமாகிக் கிடக்கும். இங்கே அதை வூப்ஸ் என்பார்கள். நம் ஊர் மண்சாலையில் லாரி ஓடி வரி வரியாக விழுந்திருக்குமே, அதை முழங்கால் உயரத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். பழகினவர்கள் அதில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, வண்டியைத் தன் போக்கில் ஆடவிட்டு மெதுவாகப் போவார்கள். அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர எனக்கே தெரியாது.

ஏழில் அவன் ஐந்தாவது. முன்னே போனவர்கள் கிளப்பிய புழுதியில் நான்காவது வண்டி மறைந்துவிட்டது. வழி தவறிவிடுவோமோ என்று வேகம் கூட்டியிருக்கிறான். ஏடிவியில் ஆக்ஸிலரேட்டர் வலது கட்டைவிரலில் இருக்கிறது, பைக் மாதிரி முறுக்குவது கிடையாது. வண்டி தூக்கிப்போட்டால் பயத்தில் யாராக இருந்தாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும். பயந்தால் வேகமெடுக்கிற வண்டி அது. பின்னால் வந்த நான் பார்த்தேன்: மூன்று குதி, நான்காவதில் ஹேண்டில் வெட்டியது, ஓர் இளம் பைன் மரத்தின் மேல் முன்சக்கரம் ஏறியது, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. அவன் வலப்பக்கம் தெறித்து விழுந்தான். அதில் அவன் சாமர்த்தியமும் இல்லை, என் சாமர்த்தியமும் இல்லை. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி எந்தப் பக்கம் விழும் என்பது அன்றைக்குப் பூவா தலையா.

காறை எலும்பு முறிந்திருந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. எங்கே நிற்கிறோம் என்றும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அரை மணி நேரத்துக்கு முன் எதிரே வயதான தம்பதி இரண்டு வண்டியில் வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் எங்களைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். நாங்களும் உற்சாகமாகக் கையாட்டினோம். உங்களில் ஓர் அண்ணன் வணக்கமே வைத்தார். "எனக்குப் பின்னால் இன்னும் ஒரு வண்டி வருகிறது, ஓரமாகப் போங்கள்" என்பது அந்த விரலுக்கு அர்த்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் வருகிறவர் கையை மடக்கி முட்டியைக் காட்டுவார். வளைவுக்கு அந்தப் பக்கம் எத்தனை வண்டி என்று தெரியாமல் போனால் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் மலைப்பாதை வளைவுகளில் ஹார்ன் அடிக்கிறோமே, அது போல.

அதே தம்பதிதான் திரும்பி வரும்போது எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள். அவர்களிடம் காகித வரைபடம் இருந்தது, முதலுதவிப் பை இருந்தது, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டத் தெரிந்திருந்தது. "கடைசியாக எந்த நம்பர் பலகையைத் தாண்டினீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். எங்கே இருக்கிறோம் என்று காட்டப் பாதையோரம் நட்டிருக்கும் பலகைகளைச் சொன்னார். ஒருவர்கூட அவற்றைக் கவனித்திருக்கவில்லை. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு என் மகன் கேட்ட முதல் கேள்வி: "அப்பா, நான்தான் ஓட்டினேன்னு கடையில சொல்லிடுவீங்களா?" கவுன்டரில் நாங்கள் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அண்ணன்களே, அந்தப் பொய்யைத்தான் இந்த வருஷம் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். "வண்டிகள் பெரியவர்கள் பெயரில் எடுக்கப்படும்" என்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

அதற்கப்புறம் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். இந்த மாநிலத்தில் 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை நான்கு சக்கர ஏடிவி ஓட்டவிடக் கூடாது. 10, 11 வயது என்றால் பெற்றோருக்குச் சொந்தமான நிலத்தில் மட்டும் ஓட்டலாம். விவசாய வேலைக்குத் தனி விலக்கு இருக்கிறது. நம்மில் யாரும் இங்கே சோளம் போடவில்லை. 12 முதல் 15 வயது வரை என்றால் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் நேரடியாகக் கண்பார்வையில் வைத்திருக்கவும் வேண்டும். நான்கு வண்டிக்குப் பின்னால் புழுதியில் வருவது கண்பார்வை ஆகாது. கூரையும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டியைத் தவிர மற்ற எதில் ஏறினாலும் ஹெல்மெட்டும் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம், பெரியவர்களுக்கும்.

உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினேன். தனி வண்டி போட்டிருக்கும் ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பேருக்கு இன்னும் 12 ஆகவில்லை. மற்ற நான்கு பேரில் சான்றிதழ் வைத்திருப்பவள் ஒருத்தி மட்டும். அதுவும் அவள் பள்ளித் தோழியோடு சேர்ந்து தானாகவே ஆன்லைனில் படித்து வாங்கியது. அப்புறம், மொத்தம் 20 வண்டியில் ஒன்பது போனால் மீதி பதினொன்று. மீதி ஆட்கள் 22. நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் இருப்பதெல்லாம் ஒற்றை சீட் வண்டி. அப்படியானால் எல்லா வண்டியிலும் இருவர் இருவராக ஏறப்போகிறோமா? பல ஏடிவிகளில் பின் அச்சு காரில் இருப்பது மாதிரி இல்லை, பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் உடம்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும், சீட்டில் முன்னும் பின்னும் நகர வேண்டும். பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி நகர்வது?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒரு படி மேலே போய், 16 வயது வரை ஏடிவி ஓட்டவே வேண்டாம் என்கிறது. பல வருஷமாகச் சொல்லி, 2022-ல் மறுபடியும் சொன்னது. நாடு முழுவதும் இந்த மாதிரி வண்டிகளில் வருஷத்துக்குச் சராசரியாக 700 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கைகள் கணக்குக் காட்டுகின்றன. நான் மருத்துவர்கள் அளவுக்குப் போகவில்லை. மாநிலச் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறதோ அங்கே நில்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"அங்கே அடிபட்டது, இந்தத் தடவை அங்கே மெதுவாகப் போவோம்" என்று சொல்வீர்கள். சரி. மற்ற இரண்டு நாளும்?

இந்த மாநிலம் ஒரே மாதிரி நிலம் இல்லை. டிரம்மண்ட் தீவில் சுண்ணாம்புப் பாறை. கோயில் குளத்துப் படிக்கட்டை உடைத்துப் போட்டது மாதிரி இருக்கும் பாறைத் திட்டுகளில், லோ கியரில், ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். முந்தின நாள் மணலில் ஓட்டிப் பழகிய கைக்கு அது முழுக்க வேறு வேலை. அவ்வளவு தூரம் போய்ப் படகில் கடந்து, அந்த ஒரு நாளில் என்ன பழகிவிட முடியும்? கும்பகோணத்தில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் காட்டுகிறோம் என்று வேன் பிடிப்பார்களே, சாமியைவிட வேன் சீட்டைத்தான் அதிகம் பார்த்திருப்போம், அந்தக் கதைதான் இது.

அதற்கு அடுத்த நாள் சில்வர் லேக். எனக்கு அதிகப் பயம் இங்கேதான். டிரம்மண்டிலிருந்து அங்கே போக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. மக்கினாக் பாலம் தாண்டி, தூங்கி வழியும் பிள்ளைகளை மதியம் எழுப்பி, நேராக மணலில் இறக்கப்போகிறீர்கள்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு மணல் எப்படி ஏமாற்றும் என்று தெரியும். நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. சில்வர் லேக்கும் அப்படித்தான், நிறம் மட்டும் வேறு. மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு குன்றும் மேற்கே சரிவாக ஏறி, கிழக்கே சட்டென்று விழும். ஏறும்போது வானம் மட்டும்தான் தெரியும். முகட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளமா, ஆளா, ஏறி வரும் இன்னொரு வண்டியா என்று தெரியாது. அதற்காகத்தான் அங்கே ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கம்பில் ஆரஞ்சுக் கொடி கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. வண்டி தெரிவதற்கு முன்னால் கொடி தெரியும். கொடியைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாத பிள்ளைக்கு அது திருவிழாத் தோரணம்.

உச்சி வெயிலில் இன்னொரு சிக்கல். மணலில் நிழல் விழாது. எல்லாம் ஒரே வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும், ஆள் உயரப் பள்ளம்கூடக் கண்ணில் படாது. குன்றில் பாதி ஏறும்போது இன்ஜின் திணறி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று நம் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள். "திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவேன்" என்பார்கள். குறுக்கே திருப்பினால் வண்டி உருளும். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மேட்டுப் பக்கமாக இறங்க வேண்டும். இதை ஒரு மதிய நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நேரம் போதாது என்று நீங்கள் எடுத்துப் போட்டது அந்த மதிய நேரத்தைத்தான்.

அங்கே 450 ஏக்கர் மணலில் கோடை வார இறுதியன்று எத்தனை வண்டி ஓடும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். டெஸ்ட் ஹில் என்கிற பெரிய மேட்டின் அடியில் ஏறுவதற்கு வரிசை கட்டி நிற்பார்கள். போன தடவை நம் ஆள் ஒருவர் அந்த வரிசைக்குக் குறுக்கே செல்ஃபி எடுக்க நடந்து போனார். பெயர் சொல்லமாட்டேன், அவர் இதைப் படிப்பார்.

இந்தப் பேச்சை எடுத்தால் நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் பார்த்துவிடுவோம்.

"இங்க வெள்ளைக்காரப் பசங்க ஆறு வயசுலயே ஓட்டுறாங்க." ஓட்டுகிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் ஓட்டுகிறான். அவன் ஓட்டுவது அவன் உயரத்துக்கான குட்டி வண்டி. வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி ஸ்குரூவைத் திருகி வைத்திருக்கிறார் தாத்தா. இன்ஜினை நிறுத்தும் கயிறு ஒன்று பையன் கையில் மாட்டியிருக்கும், விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். சொந்தப் புல்வெளியில், தாத்தா பக்கத்திலேயே நடக்க, இரண்டு வருஷமாக வட்டமடிக்கிறான். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சைக்கிளையே டிரைவ்வேயைத் தாண்டி ஓட்டினதில்லை.

"நாமெல்லாம் பன்னெண்டு வயசுல டிவிஎஸ் 50 ஓட்டலையா?" நானும் ஓட்டினேன். விழுந்தும் இருக்கிறேன். தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கி, முழங்கால் சிராய்ப்பை மறைக்க ஒரு வாரம் பேன்ட் போட்டுக்கொண்டு அலைந்தேன். டிவிஎஸ் 50 மேலே விழுந்தால் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். இது மேலே விழுந்தால் தூக்க நான்கு ஆள் வேண்டும்.

"வீட்டுக்கு வந்திருக்கிற அப்பா அம்மாவும் ஆசைப்படுறாங்க." ஆசைப்படட்டும். ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் பலவற்றில் இந்த மாதிரி சாகச வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பட்டியலில் இரண்டு தாத்தாக்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் பாலிசியை யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? என் மகனின் சிகிச்சைக்கு எங்களிடம் வேலையிடத்துக் காப்பீடு இருந்தது. அப்படியும் கையிலிருந்து போன தொகையை இங்கே எழுதினால் பயணத்துக்கு ஆளே வரமாட்டார்கள்.

பீர் கூலரை வண்டியின் பின் கேரியரில் கட்டுவது பற்றி ஒரே வரி: வேண்டாம். விவாதத்துக்கே இடமில்லை.

இன்னொன்று, இது பிள்ளைகள் விஷயம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. போன வருஷம் கிரேலிங் பக்கம் குறுக்கு வழி என்று பாதையை விட்டு இளம் ஜாக் பைன் தோப்புக்குள் மூன்று வண்டி இறங்கியது. கர்ட்லண்ட்ஸ் வார்ப்ளர் என்று ஒரு சின்னக் குருவி, கையளவுகூட இருக்காது, அந்த மாதிரி இளம் தோப்பில்தான் தரையில் கூடு கட்டும். குளிர்காலத்துக்குப் பஹாமாஸ் போய்விட்டுத் திரும்ப இங்கேயே வரும். அழியப்போகிறது என்று பட்டியலில் இருந்ததை ஐம்பது வருஷம் போலப் பாடுபட்டுப் பெருக்கி, 2019-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கூடு கட்டும் பருவத்தில் உள்ளே போகாதே என்று பலகை இருக்கும். நாம் பலகை பார்க்கிற ஜாதி இல்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். பாதையும் முன்பு போல இல்லை. 2025 மார்ச் கடைசியில் வடக்கே அடித்த உறைமழைப் புயலில் காடு காடாக மரம் முறிந்து, பல டிரெயில்களை மூடிவைத்துத்தான் வழி எடுத்தார்கள். பழைய வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போகிற காலம் போய்விட்டது.

இனி, என்ன கேட்கிறேன் என்பது.

நான்காவது வரியை எடுத்துவிடுங்கள். 12 வயது ஆகாத பிள்ளை எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. 12 ஆனவர்கள் சான்றிதழ் இருந்தால், அவர்கள் வயதுக்கான சிறிய வண்டி கிடைத்தால், அப்பாவோ அம்மாவோ நேர் பின்னால் வந்தால் ஓட்டட்டும். கிடைக்காவிட்டால் இல்லை. மற்ற பிள்ளைகளுக்காக, கார் மாதிரி அருகருகே உட்காரும் சைட்-பை-சைட் வண்டி எடுங்கள், உருண்டால் ஆளைக் காக்கும் கம்பிக்கூண்டும் (ரோல் கேஜ்) சீட் பெல்ட்டும் உள்ளதாக. முதுகு சீட்டில் ஒட்டி, கால் தரையில் பதிகிற உயரம் இருந்தால் அதில் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம். செலவு கூடும். அக்கா, தலைக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். நான் கொடுக்கத் தயார், மற்றவர்களும் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாடகைக் கடையில் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்லியே எடுங்கள். வெய்வர் தாளை முந்தின வாரமே வாங்கி, குழுவில் போட்டு, எல்லோரும் படித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஒற்றை சீட் வண்டியில் ஒருவர்தான்.

சேஃப்டி கிளாஸைத் திரும்ப வையுங்கள், இந்தத் தடவை பெரியவர்களுக்கும் சேர்த்து. ஆன்லைன் படிப்பை எல்லோரும் ஜூலைக்குள் முடிக்கட்டும். பிள்ளைகளுக்கு என் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்க நான் ஏற்பாடு செய்கிறேன், சமோசா என் செலவு. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலை பெரியவர்கள் எல்லோரும் ஹாலி ஓக்ஸுக்கு வாருங்கள். பழைய மணல் குவாரியை 2020-ல் இதற்கென்றே திறந்துவிட்டிருக்கிறார்கள், நம் ஆட்கள் பலருக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். மேட்டில் நின்றுபோன வண்டியை எப்படி இறக்குவது என்று அங்கே செய்து பார்க்காதவர்கள் சில்வர் லேக்கில் ஓட்ட வேண்டாம்.

மூன்று இடத்தில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். என் வோட்டு டிரம்மண்டை விடுவதற்கு. அந்தத் தீவுக்குத் தனியாக ஒரு பயணம் போடலாம், பாறையில் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெயர் குறித்து நியமியுங்கள். இருவரிடமும் காகித வரைபடமும் முதலுதவிப் பையும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நம்பர் பலகையிலும் நின்று, ஆளை எண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தாத்தாக்களின் இன்ஷூரன்ஸ் தாளை அவரவர் பிள்ளைகள் படித்துவிட்டு, ஏற்றலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் நீங்கள் நால்வரும் இதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கட்டைவிரல் படத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வரி அப்படியே இருந்தால், பட்டியலிலிருந்து எங்கள் நான்கு பேரின் பெயரையும் அடித்துவிடுங்கள். கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், பிரியாணிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டியலில் பதினேழாம் எண்